தில்லை அண்ணை எந்தக் கடற்படையிலும் இருக்கவில்லை

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். தில்லை அண்ணை இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்று சொன்னேன். அவரை எரிக்கிற நாளில் ரயில் ஓடாது என்று சொன்னேன். அவருடைய பெட்டிக்கு முன்னால் எங்கள் சங்கத் தலைவர்கள் யார் முதலில் மலர்வளையம் வைப்பது என்று முறுகிக்கொண்டு நிற்பார்கள் என்று சொன்னேன். மரண அறிவித்தலில் அவரை அவராகப் போடமாட்டார்கள் என்றும் சொன்னேன். பாரிஸில், லா சப்பலில் என் மரக்கறிக் கடைக்கு வந்து போகிறவர்களில் பாதிப் பேர் இதற்குச் சாட்சி. மற்றப் பாதிப் பேர் நான் சொல்லும்போது வெண்டைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பாரவண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அழைத்தது சறோ அக்கா, தில்லை அண்ணையின் மனைவி. பாரிஸுக்கு வெளியே சார்செல்லில் ஒன்பதாம் மாடியில் முப்பது வருடமாக அவரோடு வாழ்ந்தவர். குரலில் அழுகை இருக்கவில்லை.

"பரா, அவர் விடியப்பறம் போயிட்டார். ஆஸ்பத்திரியிலைதான். கப்பலுக்கு அறிவிச்சிட்டன். இனித்தான் மற்ற ஆக்களுக்குச் சொல்லோணும்."

கப்பல் என்று அந்த வீட்டில் சொல்வது தில்லை அண்ணை வேலை செய்த இடத்தை. பாய்மரக் கப்பல்களின் மாதிரிகளை வைத்திருக்கும் ஒரு சின்ன அருங்காட்சியகம் அது. இருபத்திரண்டு வருடம் அங்கே அறைக் காவலராக இருந்தார். காவலர் என்றவுடன் துப்பாக்கியை நினைக்காதீர்கள். கடும் நீலக் கோட்டு ஒன்று, கதிரை ஒன்று, சுற்றிவரக் கப்பல்கள். பார்க்க வருகிறவர்கள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை அவ்வளவுதான். அந்தக் கோட்டில் நங்கூரம் பொறித்த பொத்தான்கள் இருந்தன. அந்தப் பொத்தான்களால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பிடிவாதம். ஒரு மனிதனை அவனுடைய சரியான பதவியில் வைக்க வேண்டும். ஒரு படி கூட்டவும் கூடாது, ஒரு படி குறைக்கவும் கூடாது. அந்த மனிதரைத்தான் பொய்ப் பதவி ஒன்றை மாட்டி எரிக்கப் பார்த்தார்கள். சறோ அக்கா அதை விடவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது, அதில் என் பங்கு என்ன என்று ஆளுக்கொரு கதை கதைக்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் என்னைப்போல ஒரு சம்பவத்தைச் சொல்ல இந்தத் தெருவில் ஆள் கிடையாது.

பல நாட்டுக் கடற்படைப் பதவிகளை ஒப்பிட்டு அவர் எழுதிவந்த அட்டவணை எப்படித் தொடங்கியது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அவருடைய அறையில் ஓர் ஓவியம் தொங்கியது. தோற்றுப்போன பிரெஞ்சுக் கப்பலின் அதிகாரி, வென்ற ஆங்கிலேய அதிகாரியிடம் தன் வாளை நீட்டுகிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான பிரெஞ்சுப் பெண்மணி அதற்கு முன்னால் நின்று கேட்டாராம், "இந்த இரண்டு பேரில் பதவியில் பெரியவர் யார்?" கீழே இருந்த பலகையில் ஒருவர் லெப்டினன்ட் என்றும் மற்றவர் கொமாண்டர் என்றும் எழுதியிருந்தது. இரண்டும் இரண்டு நாட்டுப் பதவிகள். எதை எதனால் அளப்பது? "தெரியாது, மதாம்" என்று சொல்லிவிட்டார். அந்த வெட்கத்தில் அன்று மாலை ரயிலில் சார்செல்லைத் தவறவிட்டு அடுத்த தரிப்பில்தான் இறங்கினார். கடைசி ஸ்டேசன் கிறெய் வரைக்கும் போனார் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

பிறகு அவரே கண்டுபிடித்தார். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கடற்படையில் கொமாண்டருக்கு இடது தோளில் மட்டும் தங்கக் குஞ்சம். புதிதாகக் கப்டன் ஆனவனுக்கு வலது தோளில் மட்டும். கப்டனாகி மூன்று வருடம் கழிந்த பிறகுதான் இரண்டு தோளிலும். ஓவியத்தில் ஆங்கிலேயனுக்குக் குஞ்சம் இடது தோளில் இருந்தது. கொமாண்டர்தான், சந்தேகமில்லை, பிரெஞ்சுக்கார லெப்டினன்ட் அவனுக்கு ஒரு படி கீழே. "தோளைப் பாக்கோணும் பரா. மூஞ்சையைப் பாத்தால் எல்லாரும் அட்மிரல்தான்" என்பார். அந்தப் பெண்மணி திரும்ப வரவே இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் மட்டும் இருபது வருடம் வளர்ந்துகொண்டே போனது.

சனிக்கிழமைகளில் மெற்றோப் பாலத்துக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் அதை மேசைமேல் விரிப்பார். பழைய கண்காட்சிச் சுவரொட்டிகளின் பின்பக்கத்தில் ஆறு தாள்களை ஒட்டிச் செய்தது. மேலே ஆறு நாடுகள்: போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், டேனியர். முதல் மூன்றையும் காட்டி, "இவை மூண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்கு வந்தவை" என்பார். நாலாவதைக் காட்டி, "இவன் எங்களை வர விட்டவன். மற்ற ரெண்டு பேரும் சும்மா கப்பல் வைச்சிருந்தவை" என்பார். இடப்பக்கம் மேலிருந்து கீழே பதவிகள், எல்லாம் தமிழ் எழுத்தில், அச்சடித்த மாதிரி. ஸ்பானியரின் பிரிகேடியருக்கு மேல் என் வடையின் எண்ணெய் வட்டம் இன்றைக்கும் இருக்கிறது. அதற்காக என்னோடு ஒரு மாதம் அவர் கதைக்கவில்லை. சரி, ஒரு கிழமை.

போர்த்துக்கேயக் கப்டன்களில் பலருக்குக் கடலே தெரியாது. பெரிய குடும்பத்துப் பிள்ளை என்றால் கப்பல் கையில். ஓட்டுகிறவன் வேறொருத்தன். ஆங்கிலேயனிடமும் திசை பார்த்துக் கப்பலை நடத்துகிறவனுக்கு மாஸ்டர் என்று பெயர். ஆனால் சின்ன லெப்டினன்ட் பையன்கூட அவனுக்கு மேலே. ஒல்லாந்தரிடம் ஓர் அட்மிரல் பதவியின் பெயரே 'இரவுக் காவல்' என்கிற மாதிரி வரும். ஸ்கௌட்-பை-நாக்ட் என்பார்கள். தில்லை அண்ணைக்கு அந்தப் பெயரில் கொள்ளைப் பிரியம். "காவலுக்கு இருக்கிறவனை அட்மிரல் ஆக்கினவன் ஒல்லாந்தன் ஒருத்தன்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் கோட்டைத் தடவுவார்.

ஒரு நாள் நான் பகிடியாகக் கேட்டேன்.

"அண்ணை, செத்துப்போன கடற்படையளின்ரை பதவியளை வைச்சு என்ன செய்யப் போறியள்? பென்சன் எடுத்துக் குடுக்கப் போறியளோ?"

அவர் சிரிக்கவில்லை. "இந்த ஒப்பீட்டை முதல் முதல் எழுதினவை ஆர் தெரியுமே? படிச்ச ஆக்கள் இல்லை. கைதி மாத்தின ஆக்கள். அங்கை ஒரு கப்டன் பிடிபட்டால் இஞ்சை பிடிபட்ட கப்டனை விடோணும். கப்டன் இல்லாட்டி எத்தினை லெப்டினன்ட், எத்தினை மாலுமி எண்டு ரெண்டு பக்கமும் இருந்து பேசி எழுதினவங்கள். ஒருத்தன்ரை பதவியைப் பிழையா எழுதினால் இன்னொருத்தன் வீட்டை போகேலாது, பரா. உது பெருமைக்குச் செய்யிற வேலை இல்லை."

அன்றைக்கு என் தேநீர் ஆறிப்போனது. இந்த ஊரில் அலுவலக யன்னலுக்கு முன்னால் நின்று நாங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பிழையாக எழுதப்பட்டவர்கள்தானே. ஊரில் நான் முகாமையாளராக இருந்தேன் என்று சொன்னேன். தொழில் இல்லை என்று எழுதினார்கள். முகாமையாளர் என்பது கொஞ்சம் கூட்டித்தான் சொன்னது. ஆனால் தொழில் இல்லை என்பதும் பொய்தானே.

பிரெஞ்சுக் கடற்படையைப் பற்றி அவருக்குத் தனியாக ஒரு கோபம் இருந்தது. அரசர் காலத்தில் பிரபுக்கள் வீட்டு அதிகாரிகளுக்குச் சிவப்பு உடை. போர் வந்து ஆள் போதாமல் போனால் வணிகக் கப்பல்களிலிருந்து கடல் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு நீலம் உடுத்தி அதிகாரியாக்குவார்கள். போர் முடிந்ததும் நீலம் வீட்டுக்குப் போகும், சிவப்பு இருக்கும். "எத்தினை புயலைத் தாண்டினாலும் நீலம் நீலம்தான்" என்பார். நாங்கள் இரண்டு பேரும் உணவகங்களில் கோப்பை கழுவின காலம் எனக்கு நினைவு வரும். கோடையில் அழைப்பார்கள். குளிரில், "மெர்சி, பிறகு சொல்லுறம்." அப்போது எங்களிடம் விசாவும் இல்லை, கோட்டும் இல்லை. நீலம்கூட இல்லை.

இனி அந்த மஞ்சள் அட்மிரல் கதை. இதை நான் பரப்பினேன் என்று சொல்கிறார்கள். ஆம், பரப்பினேன். ஆங்கிலேயக் கடற்படையில் ஒருவன் ஒரு தடவை கப்டன் ஆகிவிட்டால், அதற்கு மேல் கெட்டித்தனம் தேவையில்லை. பட்டியலில் மேலே இருப்பவர்கள் சாகச் சாக இவன் ஏறுவான். சாகாமல் இருந்தால் அட்மிரல். ஆனால் அவனை நம்பிக் கப்பல்களைக் கொடுக்க முடியாது என்றால், அட்மிரல் என்ற பெயரைக் கொடுத்து, கப்பல் கொடுக்காமல் வீட்டில் இருத்திவிடுவார்கள். அவர்களுக்கு ஊரார் வைத்த பெயர் மஞ்சள் அட்மிரல். எங்கள் சங்கத்தின் ஆண்டுவிழாவில் முன்னாள் தலைவர்கள் ஆறு பேரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆறும் பளபளக்கிற மஞ்சள். தில்லை அண்ணை என் காதுக்குள், "பார், சீருடையும் குடுக்கிறாங்கள்" என்றார். நான் கதிரையோடு விழுந்தேன். கிட்டத்தட்ட விழுந்தேன். அடுத்த சனிக்கிழமைக்குள் லா சப்பல் முழுவதும் அந்தக் கதை போய்விட்டது.

இப்போதைய தலைவர் தேநீர்க்கடைக்கே வந்துவிட்டார்.

"தில்லை அண்ணை, எங்களைப் பற்றி என்னவோ சொன்னியளாம்."

"சொன்னனான். ஆனா உங்களை இல்லை, தலைவர். நீங்கள் இன்னும் அங்கை வரேல்லை. இப்ப வெறும் கப்டன்தான். உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ, வருவியள்."

கடையே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. பிறகு மூன்று வருடம் சங்கத்திலிருந்து அவருக்கு ஓர் அழைப்பிதழ்கூட வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோது கதிரை கொடுக்காதவர்கள்தான், செத்த பிறகு கப்பல் கொடுத்தார்கள்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு. எத்தனை நாடு, எத்தனை குஞ்சம், எத்தனை பெயர் என்று தலை சுற்றி, "சுருக்கமாச் சொல்லுங்கோ அண்ணை, பதவி எண்டால் என்ன?" என்று கேட்டால், கையால் அட்டவணையை மூடிவிட்டுச் சொல்வார். "கப்டன் விழுந்தால் அடுத்த கட்டளை ஆரின்ரை? அதுதான் பதவி. மிச்சம் எல்லாம் பொத்தான்."

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவரைப் பார்த்தது நான். யன்னலோரக் கட்டில். யன்னலால் ஈஃபிள் கோபுரம் தெரிந்தது. மூச்சுக்குழாய்க்கு நடுவிலும் என்னை அடையாளம் கண்டார். என் கையைப் பிடித்தார். அந்தக் கை குளிர்ந்திருந்தது. அப்போதுதான் சொன்னார், "பரா, நான் விழுந்தால் கட்டளை சறோவுக்கு." அவ்வளவுதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

மரண அறிவித்தல் வந்தது. 'பிரெஞ்சுக் கடற்படையின் முன்னாள் அதிகாரி' என்று பெயருக்கு மேலே போட்டிருந்தார்கள். அருங்காட்சியக ஊழியர்கள் ஒன்றாக எடுத்த படமொன்று வீட்டில் மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து அவருடைய தலையை வெட்டி, நங்கூரப் பொத்தான் தெரிகிற அளவுக்குக் கீழே விட்டு, சுற்றிவர மலர் வைத்து அச்சடித்திருந்தார்கள். பதவி அட்டவணை எழுதின மனிதனுக்கு, பொத்தானைப் பார்த்துப் பதவி கொடுத்தார்கள்.

சறோ அக்கா தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணை, அதை மாத்துங்கோ. அவர் அதிகாரி இல்லை. கடற்படையும் இல்லை."

"அக்கா, எங்கடை ஆள் ஒருத்தர் பிரெஞ்சு நேவியிலை இருந்தவர் எண்டால் எல்லாருக்கும் பெருமைதானே. அவருக்கும்தான்."

"அவருக்குப் பெருமை இல்லை. அவருக்கு அவமானம்."

"அச்சிலை போட்டுது. இனி மாத்தினால் சனம் என்ன நினைக்கும்?"

"அப்ப எரிக்கிற அண்டைக்கு நான் பேசுறன். ரெண்டு நிமிசம் காணும்."

"பொம்பிளையள் அழுகிற நேரத்திலை ஏனக்கா உந்தக் கரைச்சல். நீங்கள் இருங்கோ. நாங்கள் எல்லாம் பாக்கிறம்."

அக்கா தொலைபேசியை வைத்தார். சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, தூசி துடைத்து, திரும்ப மாட்டினார். நான்தான் பல ஊர் தள்ளி இருக்கிற ஓல்னே வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

எரிக்கிற அன்றைக்கு வேலைநிறுத்தம். ரயில் இல்லை, நான் சொன்னபடியே. இருந்தும் முந்நூறு பேர் வந்தார்கள். நூற்றைம்பது என்று யாராவது சொன்னால் அவர்கள் வாசலில் நின்றவர்களை எண்ணவில்லை. கிரியைகள் முடிந்த பிறகு மண்டபத்தில் எங்களுக்கு மிச்சம் அரைமணி நேரம். கறுப்புச் சூட் போட்ட பிரெஞ்சு ஊழியர் ஒருவர் கதவோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த அரைமணி நேரத்தில் பத்து நிமிடத்தை மலர்வளையம் தின்றது. ஐந்து சங்கம், ஐந்து தலைவர்கள். ஊர்ச் சங்கத் தலைவர் பெரியவரா, பழைய மாணவர் சங்கத் தலைவர் பெரியவரா? ஒருவர் தன் சங்கம்தான் முதலில் பதிவு செய்தது என்றார். மற்றவர் தன் சங்கத்தில்தான் ஆள் கூட என்றார். அவர்கள் நடுவில் பெட்டியில் கிடந்தவர்தான் பாரிஸிலேயே இதைத் தீர்த்து வைக்கக்கூடிய ஒரே மனிதர். கடைசியில் ஐந்து பேரும் ஒன்றாக வைத்தார்கள். வைக்கும்போது தோளால் இடித்தார்கள். இடது தோளும் வலது தோளும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு எங்கள் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். கடலை ஆண்ட பரம்பரையிலிருந்து வந்து பிரெஞ்சுக் கடற்படையிலும் கொடி நாட்டியவர் என்று தொடங்கினார். முன்வரிசையில் சறோ அக்கா இருந்தார். கையில் நாலாக மடித்த ஒரு தாள். அதை விரிக்கவில்லை, விடவும் இல்லை. அருங்காட்சியகத்திலிருந்து வந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பின்னால் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். தங்களோடு வேலை செய்த ஆளைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்று பாவம் அவர்களுக்குத் தெரியாது. கறுப்புச் சூட்காரர் விரலால் ஐந்து நிமிடம் என்று காட்டினார். தலைவரின் பேச்சு அப்போதுதான் கடல் கடந்து பாரிஸுக்கு வந்து சேர்ந்திருந்தது.

நான் எழுந்து போனேன். ஒலிவாங்கியை என் கையால் பொத்தினேன்.

"பரா அண்ணை, என்ன இது? இருங்கோ."

"தலைவர், ஆஸ்பத்திரியிலை அவர் கடைசியா என்னட்டை ஒண்டு சொன்னவர். நான் விழுந்தால் கட்டளை சறோவுக்கு எண்டு. இது அவற்றை கடைசிச் சொல். மறிக்கிறதெண்டால் இவ்வளவு சனத்துக்கு முன்னாலை நீங்களே மறியுங்கோ."

இறந்தவரின் கடைசிச் சொல்லை எங்கள் ஆட்களில் யார் மறிப்பார்கள்? தலைவர் ஒரு படி பின்னால் போனார். சறோ அக்கா என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் ஒன்று அந்தப் பார்வைக்கே போய்விட்டது என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினார். தாளை விரிக்கவே இல்லை.

"இவர் கடற்படையிலை இருக்கேல்லை. ஒரு நாளும் இருக்கேல்லை. கப்பல் பாக்க வாற இடத்திலை ஒரு கதிரையிலை இருந்தவர். இருபத்திரண்டு வருசம் இருந்தவர். ஒருத்தரையும் ஒரு கப்பலிலையும் கை வைக்க விடேல்லை. அவ்வளவுதான் அவர். அது காணும்."

அதையே பிரெஞ்சிலும் சொன்னார், தடக்கித் தடக்கி. பின்னால் நின்ற இரண்டு பிரெஞ்சுக்காரரில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். பெட்டிக்கு முன்னால் திரை மூடியது.

மூன்றாம் நாள் தலைவர் என் கடைக்கு வந்தார். மரக்கறி வாங்க இல்லை.

"பரா அண்ணை, அந்தக் கடைசிச் சொல்லுக்கு ஆர் சாட்சி?"

"நானும் தில்லை அண்ணையும்."

"அவர் இல்லையே."

"அப்ப நான் மட்டும்."

"ஆஸ்பத்திரிக்கு நீங்கள் எப்ப போனனியள்?"

"உங்களைவிட முதல்."

தலைவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் திரும்பி நடந்தார். போகிற போக்கில், முப்பத்தோராம் நாள் நினைவு மலரைச் சங்கமே அச்சடிக்கும், அறிவித்தலில் இருந்தபடியே இருக்கும் என்றார். சறோ அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மலரை வீட்டுச் செலவில் தானே போடுகிறார். முதல் பக்கத்தில் அவர் பெயர், அதற்குக் கீழே 'அருங்காட்சியக அறைக் காவலர்'. வேறொன்றும் இல்லை. என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் ஒண்டு எழுதுங்கோ, பரா. ஆனா உள்ளதை எழுதுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார்.

இதுவரை எழுதியதைப் போன சனிக்கிழமை சார்செல்லுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் எழுத்தைப் பார்த்து அசந்துபோவார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். கிறெய் ஸ்டேசனுக்குச் சிரித்தார். வடை எண்ணெய்க்குச் சிரித்தார். பிறகு தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அந்த யன்னலாலை கார் விடுற இடம்தான் தெரியும், பரா."

தேநீர் கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒரு நாளும் போகவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று கிழமைக்கு முதல் தேநீர்க்கடையில் நான் அவரிடம் கேட்டேன், "அண்ணை, உந்த அட்டவணையிலை என்னை எங்கை போடுவியள்?" பகிடியாகத்தான் கேட்டேன், ஆனால் அட்மிரல் என்பார் என்று காத்திருந்தேன். அவர் மேலிருந்து கீழே பார்த்தார். "உன்னை ஒண்டிலையும் போடேலாது பரா. எல்லாக் கப்பலிலையும் ஏறுவாய். பாய் விரிக்க முன்னம் இறங்கிப் போவாய்" என்றார். கடை சிரித்தது. எத்தனையோ தடவை மற்றவர்களைப் பார்த்து அந்தக் கடை சிரிக்க நான்தான் காரணம். அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அவர் ஆஸ்பத்திரியில் என்று கேள்விப்பட்டபோதும், முதலில் அவர் கூப்பிடட்டும் என்று இருந்தேன். அவர் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடிய நிலையில் இருந்தாரா என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

சங்கத் தலைவர்கள்மேல் எனக்கு இருக்கிற கோபம் கோபம்தான். அதில் ஒரு சொல்லையும் நான் திரும்ப எடுக்கமாட்டேன். ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் சறோ அக்கா அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தை விட்டு அசையவில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது அந்த மண்டபத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நான் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டுதான் எழுந்து வந்து அதை வாங்கினார். உண்மையை அந்தப் பொய்க்கு மேலே நின்றுதான் சொன்னார். அதற்காக அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பதவி எனக்கு இல்லை.

அட்டவணை சறோ அக்காவிடம் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை விரித்துக் காட்டினார். ஓரத்தில் எங்காவது பென்சிலால் என் பெயர் இருக்குமா என்று மேலிருந்து கீழே தேடினேன். இல்லை. அந்த நீலக் கோட்டை அருங்காட்சியகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்றதெல்லாம் அவருடையது. தில்லை அண்ணையிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு வசனம்தான். அதையும் அவர் சொல்லவில்லை.